வாசகர் கேள்வி – பதில்: கீபோர்டு சீக்வென்சரில் பாட்டு அமைப்பது

பல வாத்திய ஒலிகளையும் பாட்டைப் பதிந்து அமைக்கும் வசதியையும் ஒரே கருவியில் கொண்ட வொர்க்ஸ்டேஷன் கீபோர்டுகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, சேலம் மாவட்டத்து வாசகர்கள் பலர் அவற்றின் உள்ளேயே இருக்கும் சீக்வென்சரைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். ஒரே ஐயம் பல கடிதங்களில் வந்திருந்ததால், அவற்றுள் விவரமாக எழுதப்பட்டவற்றைத் தேர்ந்தெடுத்துப் பதில் தருகிறேன்.

இதுவரை ஆட்டோ ரிதம் உள்ள கீபோர்டில் கோயில் விழாக்களுக்கு வாசித்துவந்தேன். இப்போது 16 ட்ராக் சீக்வென்சர் உள்ள பழைய வொர்க்ஸ்டேஷன் ஒன்றை வாங்கியிருக்கிறேன். நானே மெட்டமைத்த அம்மன் பாட்டு ஒன்றை அதில் பதிவு செய்ய விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்க வேண்டும்?
– வாசகர், அம்மாபேட்டை, சேலம்

சீக்வென்சர் ஒலியைப் பதிவு செய்வதில்லை என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். எந்தக் கீயை எப்போது, எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள், எப்போது விட்டீர்கள், பெடலை எங்கே மிதித்தீர்கள் என்ற குறிப்புகளை மட்டுமே அது எழுதிவைத்துக்கொள்கிறது. அதனால்தான் புல்லாங்குழலில் வாசித்த பகுதியைப் பின்னர் வயலினுக்கு மாற்றவும், சுருதி கெடாமல் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும், தவறாக விழுந்த ஒரே ஒரு ஸ்வரத்தை மட்டும் திருத்தவும் முடிகிறது. பாடகரின் குரல் இதற்குள் அடங்காது. ஆடியோ ட்ராக் உள்ள சில உயர்ந்த மாடல்களைத் தவிர மற்றவற்றில், குரலைத் தனியே கணினியிலோ ரெக்கார்டரிலோதான் பதிவு செய்ய வேண்டும்.

மின்னிசைக் கருவிகள் இத்தகைய குறிப்புகளைத் தமக்குள் பரிமாறிக்கொள்ள 1983-இல் வந்த மிடி என்ற பொது முறையில் ஓர் இணைப்புக்கு 16 சேனல்கள் என்று வகுத்தார்கள். உங்கள் கருவியின் 16 ட்ராக்குகளுக்கு, அதாவது ஒவ்வொரு வாத்தியத்தையும் தனியே பதியும் தடங்களுக்கு, அதுவே அடிப்படை. வொர்க்ஸ்டேஷன் என்ற வகையையே பரவலாக்கிய கோர்க் எம்1, 1988-இல் வந்தபோது அதன் சீக்வென்சரில் 8 ட்ராக்குகள்தான் இருந்தன. அந்த எட்டைக் கொண்டே முழுமையான பாட்டுகளை அமைத்திருக்கிறார்கள். ஆகையால் பதினாறையும் நிரப்பியாக வேண்டும் என்ற எண்ணம் வேண்டாம்.

ரெக்கார்ட் பட்டனைத் தொடுவதற்கு முன் ஒரு தாளை எடுத்துப் பாட்டின் வரைபடத்தை எழுதுங்கள். உங்கள் பாட்டு ஆதி தாளத்தில் இருந்தால், ஓர் ஆவர்த்தனத்தின் எட்டு எண்ணிக்கை 4/4 அளவில் (பாருக்கு நான்கு எண்ணிக்கை) இரண்டு பார்களாகும். பல்லவி நான்கு ஆவர்த்தனம் என்றால் எட்டு பார்கள். முன்னிசை, பல்லவி, முதல் இடையிசை, சரணம் என்று ஒவ்வொன்றும் எந்தப் பாரில் தொடங்கி எந்தப் பாரில் முடிகிறது என்பதைக் குறித்துவிட்டால், பின்னர் வெட்டுவதும் ஒட்டுவதும் மிக எளிதாக இருக்கும். தொடக்கத்தில் ஒரு பாரைக் காலியாக விட்டுவிடுங்கள். தாளத்தின் முதல் அடியான சமத்துக்கு முன்பே பாட்டு எழும் அதீத எடுப்பாக இருந்தால், அந்த முதற்சொல்லுக்கு இடம் வேண்டும். முதல் பாரிலேயே தொடங்கியவர்கள் பிறகு பாட்டு முழுவதையும் நகர்த்த வேண்டியிருக்கும்.

டெம்போவை, அதாவது நிமிடத்துக்கு எத்தனை எண்ணிக்கை என்ற வேகத்தை, கருவியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கருவியை அணைத்துவிட்டு, பாட்டை வாய்விட்டுப் பாடித் தாளம் போட்டு, 15 விநாடியில் எத்தனை எண்ணிக்கை வருகிறது என்று பார்த்து நான்கால் பெருக்குங்கள். 24 வந்தால் டெம்போ 96. பாடும்போது இயல்பாக வரும் காலப்பிரமாணமே பாட்டுக்கு உரியது.

அதன் பின் எண்ணிக்கை தட்டும் கிளிக் ஒலியை ஓடவிட்டு, முழுப் பாட்டையும் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே ட்ராக்கில் பியானோ ஒலியில் வாசித்துப் பதியுங்கள். வலது கையில் மெட்டும் இடது கையில் எளிய கார்டும் இருந்தால் போதும். இது வழிகாட்டி ட்ராக், கடைசியில் அழிக்கப்போவது. இதைப் பலர் தேவையற்ற வேலை என்று நினைத்து நேரே டிரம்ஸுக்குப் போய்விடுகிறார்கள். நான் இதை மிகவும் வலியுறுத்துகிறேன், ஏனென்றால் மெட்டு எங்கே மூச்சுவிடுகிறது என்பது தெரியாமல் அமைக்கப்படும் தாளம், பாட்டின் எல்லா இடங்களிலும் ஒரே மாதிரியாக ஓடிக்கொண்டே இருக்கும். வழிகாட்டி ட்ராக்கைக் கேட்டுக்கொண்டே டிரம்ஸையும், டிரம்ஸைக் கேட்டுக்கொண்டே பேஸையும் வாசியுங்கள். கார்டும் ஸ்ட்ரிங்ஸும் அதற்குப் பிறகு வரட்டும். பேஸ் ட்ராக் வந்துவிட்டால் பியானோவின் இடது கையைக் கீழ் ஸ்தாயியில் வைக்காதீர்கள். இரண்டும் ஒரே இடத்தில் மோதினால் எத்தனை வால்யூம் மாற்றினாலும் கலங்கலாகத்தான் கேட்கும்.

கருவியில் தயாராக உள்ள தாளப் பேட்டர்ன்களையும், கார்டைப் பிடித்தால் தானாக ஓடும் ஆர்பெஜியோக்களையும் உங்கள் முதல் பாட்டிலாவது தவிர்த்துவிடுங்கள். ஆட்டோ ரிதத்திலிருந்து வெளியே வரத்தானே இந்தக் கருவியை வாங்கியிருக்கிறீர்கள்!

ஆடித் திருவிழாவுக்காகப் பம்பை, பறை தாளத்தில் ஒரு பாட்டை ப்ரோக்ராம் செய்தேன். வாசித்தபோது நன்றாக இருந்தது. குவான்டைஸ் கொடுத்ததும் உயிர் போய்விட்டது. குவான்டைஸ் இல்லாமல் விட்டால் தள்ளாடுகிறது. என்ன செய்வது?
– வாசகர், ஓமலூர்

நல்ல கேள்வி, இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல, குவான்டைஸ் காலத்தின் மேல் சம இடைவெளியில் புள்ளிகளை வைத்து, நீங்கள் வாசித்த ஒவ்வோர் அடியையும் அதற்கு மிக அருகில் உள்ள புள்ளிக்கு இழுத்துவிடுகிறது. எந்தப் புள்ளி என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். உங்கள் பாட்டில் நடந்திருப்பது பெரும்பாலும் புள்ளிக் கணக்கின் பிழையே.

கணக்காகவே பார்ப்போம். பல வொர்க்ஸ்டேஷன்களில் ஓர் எண்ணிக்கை 480 டிக்குகளாகப் பிரிக்கப்படுகிறது. மாரியம்மன் பாட்டுகளில் நாம் மிகுதியாகக் கேட்பது திஸ்ர நடை, அதாவது ஓர் எண்ணிக்கைக்குள் மூன்று அடி. அவை 0, 160, 320 என்ற இடங்களில் விழ வேண்டும். நீங்கள் பாட்டை 4/4 என்று அமைத்து, வழக்கமான பதினாறில் ஒரு பங்கு அளவில் குவான்டைஸ் கொடுத்திருந்தால் புள்ளிகள் 0, 120, 240, 360 என்று இருக்கும். 160-இல் விழுந்த அடி 120-க்கும், 320-இல் விழுந்த அடி 360-க்கும் இழுக்கப்படும். மூன்று சம அடிகள் குட்டை, நெட்டை, குட்டை என்று ஆகிவிடுகின்றன. தாளத்தின் நடையே மாறிப்போன பிறகு அதில் ஆட்டம் எங்கிருந்து வரும்? பாட்டின் அளவை 6/8 அல்லது 12/8 என்று தொடக்கத்திலேயே அமையுங்கள். அல்லது 4/4-லேயே வைத்துக்கொண்டு குவான்டைஸ் பட்டியலில் ட்ரிப்லெட் குறியிட்ட அளவைத் தேர்ந்தெடுங்கள். மிஸ்ர சாப்பில் உள்ள பாட்டுக்கு 7/8, கண்ட சாப்புக்கு 5/8. ஏழு எண்ணிக்கையை நான்குக்குள் திணித்துப் பின்னர் சரிசெய்து கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம், பார் எண்ணைக் கொண்டு செய்யும் எல்லாத் திருத்தமும் குழம்பிவிடும்.

அடுத்தது குவான்டைஸின் வலிமை. பெரும்பாலான கருவிகளில் இதை 0 முதல் 100 விழுக்காடு வரை மாற்றலாம். 100 என்றால் எல்லா அடியும் மிகச் சரியாகப் புள்ளியின் மேல் அமர்ந்துவிடும். 100 டெம்போவில் ஒரு டிக் என்பது 1.25 மில்லி விநாடி. நீங்கள் ஓர் அடியை 16 டிக் தாமதமாக அடித்திருந்தால் அது 20 மில்லி விநாடி. வலிமையை 50-இல் வைத்தால் அந்தத் தாமதம் 10 மில்லி விநாடியாகக் குறைகிறது. தள்ளாட்டம் நீங்கும், ஆனால் கை வாசித்த உணர்வு இருக்கும். நான் பரிந்துரைப்பது இதுதான்: தாளத்தின் அடித்தூணாக நிற்கும் கனத்த அடிகளுக்கு மட்டும் உயர்ந்த வலிமையைக் கொடுங்கள், இடையில் விழும் மெல்லிய அடிகளை அப்படியே விட்டுவிடுங்கள், அல்லது 40, 50-க்கு மேல் போகாதீர்கள். இதற்கு வசதியாகக் கனத்த அடிகளை ஒரு ட்ராக்கிலும் மெல்லிய அடிகளை இன்னொரு ட்ராக்கிலும் வாசித்துவிடுவது நல்லது.

நேரத்தைப் போலவே அழுத்தமும் முக்கியம். மிடியில் ஒவ்வோர் அடியின் அழுத்தமும் 1 முதல் 127 வரையிலான எண்ணாகப் பதிவாகிறது. திருத்தும் பக்கத்தைத் திறந்து பார்த்தால், எல்லா அடியும் 100-ஐ ஒட்டியே இருப்பதைப் பலர் காண்பார்கள், குறிப்பாக ஸ்டெப் ரெக்கார்டிங் முறையில் ஒவ்வொன்றாக அடித்து நுழைத்தவர்கள். பம்பைக்காரர் அப்படி வாசிப்பதில்லை. ஒன்றோடொன்று கட்டிய இரண்டு முழவுகளில் அவருடைய இரு கைகளுக்கும் இரு வேறு கனம் இருக்கும். தாளத்தை ஒரே விரலால் தட்டாமல் இரு கைகளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வாசித்தால், அழுத்த வேறுபாடு தானாக வந்துவிடும். இரண்டு பார்களை வாசித்துவிட்டு நாற்பது முறை நகல் எடுப்பதையும் விட்டுவிடுங்கள். எட்டு பார்களாவது தொடர்ந்து வாசித்து அதை நகலெடுத்து, சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் இடங்களை மட்டும் மறுபடியும் கையால் வாசியுங்கள்.

கோட்டை மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழாவில் மேளம் கேட்டிருப்பீர்கள். தொடங்கிய வேகத்திலேயே அது முடிவதில்லை, ஆட்டம் ஏற ஏற வேகமும் ஏறும். சீக்வென்சரின் டெம்போவும் கல்லில் எழுதப்பட்டதன்று. மாஸ்டர் ட்ராக் அல்லது டெம்போ ட்ராக் என்று ஒன்று இருக்கும். அதில் சரணத்துக்கு 2, கடைசிப் பல்லவிக்கு இன்னும் 3 என்று டெம்போவைப் படிப்படியாக ஏற்றிப் பாருங்கள். கேட்பவர் கவனிக்கமாட்டார், ஆனால் கால் தானாக ஆடும்.

பம்பை வாசிப்பவர் ஒருவரை அழைத்து வர முடியுமானால், மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். அந்த ட்ராக்கைக் காலியாக விட்டு, மற்ற வாத்தியங்களை ஹெட்ஃபோனில் கேட்கச்செய்து அவரையே வாசிக்கவைத்து ஆடியோவாகப் பதிவு செய்யுங்கள். ஓமலூரில் இருந்துகொண்டு பம்பைக்குக் கருவியை நம்ப வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை என்றே நினைக்கிறேன்.

மழைக்காலத்தில் எங்கள் பகுதியில் மின்சாரம் அடிக்கடி போகிறது. பாதி அமைத்த பாட்டு அப்படியே மறைந்துவிட்டது. மீட்க வழி உண்டா?
– வாசகி, ஏற்காடு

வருந்துகிறேன், மீட்க முடியாது. பல வொர்க்ஸ்டேஷன்களில் பாட்டு தற்காலிக நினைவில்தான் இருக்கும். மின்சாரம் நின்றால் அதுவும் போய்விடும். ஒவ்வொரு ட்ராக் முடிந்ததும் யூ.எஸ்.பி. டிரைவில் சேமியுங்கள். பழைய கோப்பின் மேலேயே எழுதாமல், பெயரின் முடிவில் எண்ணை மாற்றிப் புதிதாகச் சேமித்தால், வேண்டும்போது பின்னோக்கிப் போகலாம். டிரைவை அந்தக் கீபோர்டிலேயே ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள். கோர்க் கருவிகளில் பாட்டு எஸ்.என்.ஜி. என்ற கோப்பிலும் ஒலிகள் பி.சி.ஜி. என்ற கோப்பிலும் தனித்தனியே இருப்பதால், இரண்டையும் சேர்த்தே சேமிக்க வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால், நீங்கள் மாற்றியமைத்த ஒலிகள் இல்லாமல் பாட்டு வேறு ஒலியில் திறக்கும். கணினிக்கு வைக்கும் சிறிய யூ.பி.எஸ். ஒன்றே சேமிக்க வேண்டிய சில நிமிடங்களைத் தந்துவிடும். ஆனால் மலையில் இடி இடிக்கும்போது யூ.பி.எஸ்ஸை நம்பாமல், சேமித்துவிட்டு பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

கர்நாடக இசை பயின்றவள் நான். வயலின், நாதஸ்வர ஒலிகளில் வாசித்துப் பதிவு செய்யும்போது கமகம் சரியாக வருவதில்லை. சில சமயம் மெட்டு முடிந்த பின் சுருதியே விலகிவிடுகிறது.
– இசை ஆசிரியை, ஆத்தூர்

ஸ்வரத்தை அசைக்கும் கமகத்துக்கு உங்களிடம் இருக்கும் கருவி பிட்ச் பெண்ட், அதாவது ஒலியை மேலும் கீழும் வளைக்கும் கைப்பிடி. மிடியில் இது 16,384 படிகளாகப் பிரிக்கப்பட்டிருப்பதால் வழுக்கலில் குறை தெரியாது. குறை பெரும்பாலும் அதன் எல்லையை அமைப்பதில் இருக்கும். பொதுவான எல்லை மேலே இரண்டு அரை ஸ்வரம், கீழே இரண்டு அரை ஸ்வரம். தோடியின் காந்தாரத்துக்கு இந்த எல்லை அப்படியே பொருந்துகிறது: சாதாரண காந்தாரத்திலிருந்து மேலே சுத்த மத்தியமமும் கீழே சுத்த ரிஷபமும் சரியாக இரண்டு அரை ஸ்வரத் தொலைவில் இருப்பதால், கைப்பிடியை முழுதாகத் தள்ளினால் மத்தியமத்தைத் தொட்டுத் திரும்பலாம். சிறிய அசைவுகளுக்கு ஒரே அரை ஸ்வர எல்லை போதும். அப்போது கையின் நடுக்கம் ஒலியில் தெரியாது. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கும் நீண்ட ஜாருவுக்கு வேண்டுமானால் எல்லையைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பெண்ட் ஒரு ஸ்வரத்தை மட்டும் வளைப்பதில்லை, அந்தச் சேனலில் ஒலிக்கும் அனைத்தையும் வளைக்கிறது. ஆகவே மெட்டு வாத்தியம் தனி ட்ராக்கில், ஒரு நேரத்தில் ஒரே ஸ்வரம் ஒலிக்கும் மோனோ அமைப்பில் இருக்க வேண்டும். நீங்கள் சொல்லும் சுருதி விலகலுக்குக் காரணம், கைப்பிடி நடுவுக்குத் திரும்பும் முன்பே பதிவை நிறுத்தியதுதான். கடைசிச் செய்தி எதுவோ அதிலேயே அந்தச் சேனல் நின்றுவிடும். பதிவானவற்றை வரிசையாகக் காட்டும் நிகழ்வுப் பட்டியலைத் திறந்து, அந்தப் பகுதியின் முடிவில் பெண்ட் மதிப்பைப் பூஜ்யமாக்கி ஒரு பதிவைச் சேருங்கள்.

கடினமான பிடிகளை டெம்போவைக் குறைத்து வாசித்துப் பிறகு ஏற்றலாம், ஆனால் பத்து விழுக்காட்டுக்கு மேல் குறைக்காதீர்கள். பாதி வேகத்தில் அசைத்த கமகம், முழு வேகத்தில் இரண்டு மடங்கு விரைவாக நடுங்கும். ராகத்தின் முகமே மாறிவிடும். குவான்டைஸ் கொடுப்பதாக இருந்தால், பல கருவிகளில் அது ஸ்வரங்களை மட்டும் நகர்த்திப் பெண்டை அங்கேயே விட்டுவிடக்கூடும். இரண்டும் பிரிந்தால் அசைவு ஸ்வரத்துக்கு முன்னோ பின்னோ விழும். கமகம் உள்ள ட்ராக்குக்குக் குவான்டைஸ் வேண்டாம் என்பதே என் கருத்து. பிசகிய இடத்தில் மட்டும் பதிவைத் தொடங்கி நிறுத்தும் பஞ்ச் இன் முறையில் மறுபடி வாசியுங்கள்; கர்நாடக இசை பயின்ற கைக்கு அது கடினமாக இருக்காது.

பத்து ட்ராக்கைத் தாண்டியதும் சில ஸ்வரங்கள் பாதியில் அறுந்துபோகின்றன. கருவி பழுதா?
– மெல்லிசைக் குழு நடத்தும் வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பழுதில்லை. ஒரே நேரத்தில் எழுப்பக்கூடிய ஒலிகளுக்கு ஒவ்வொரு கருவியிலும் ஓர் எல்லை உண்டு. எம்1-இல் அது 16, கோர்க் ட்ரைட்டனில் 62. இந்த எண் விரல்களின் கணக்கன்று. நான்கு அடுக்குகளால் ஆன ஸ்ட்ரிங்ஸ் ஒலியில் நான்கு ஸ்வரக் கார்டு ஒன்றைப் பிடித்தால் 16 போய்விடும். பெடலை மிதித்தபடி அடுத்த கார்டுக்குப் போனால் பழையதும் சேர்ந்து 32. எல்லை நிறைந்ததும் கருவி பழைய ஒலியை வெட்டிப் புதியதற்கு இடம் தருகிறது. அடுக்கு குறைந்த ஒலிகளைத் தேர்ந்தெடுக்கலாம், பெடலைக் குறைக்கலாம், டிரம்ஸையும் பேஸையும் முன்னுரிமை உள்ளவையாக அமைக்கலாம்.

ஆனால் இவற்றைச் செய்வதற்கு முன், அந்தப் பத்து ட்ராக்கும் வேண்டுமா என்று ஒவ்வொன்றாக மியூட் செய்து கேளுங்கள். 1935-இல் டி.ஆர். சுந்தரம் நம் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் படநிறுவனத்தைத் தொடங்கிய காலத்தில், பாடுபவரும் வாத்தியக்காரர்களும் ஒன்றாகக் கூடி ஒரே வீச்சில் வாசித்தாக வேண்டும். தனித்தனி ட்ராக் என்ற வசதியே கிடையாது. யார் எப்போது ஒதுங்கி இருப்பது என்பதை வாசிப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருந்தது. அந்த முடிவை நீங்களும் எடுக்கலாம். பாடகர் வரியைப் பாடும்போது புல்லாங்குழல் ஓயட்டும், வரி முடிந்து அவர் மூச்செடுக்கும் இடைவெளியில் அது பதில் சொல்லட்டும். முதல் சரணத்தில் ஸ்ட்ரிங்ஸ் இல்லாமல் இருந்தால்தான் இரண்டாம் சரணத்தில் அது வரும்போது பாட்டு விரிந்ததாகத் தோன்றும். புல்லாங்குழலை வாசிக்கும்போது நீங்களும் வாயால் ஊதுவதாக எண்ணி மூச்சுக்கு இடம் விடுங்கள். மூச்சே எடுக்காமல் பதினாறு பார்கள் ஓடும் குழலைக் கேட்பவர் காது உடனே இது கீபோர்டு என்று சொல்லிவிடும். இவ்வளவையும் செய்தால், ஸ்வரங்கள் அறுபடும் சிக்கல் பெரும்பாலும் தானே தீர்ந்திருக்கும்.

தனியாக வாசிக்கும்போது இனிமையாக இருக்கும் ஒலி, பாட்டுக்குள் போட்டதும் வெளிறிவிடுகிறது. ஏன்?
– மாணவர், சூரமங்கலம், சேலம்

தனி ஒலியாக வாசிக்கும்போது அதற்குரிய ரிவர்ப் (எதிரொலி), கோரஸ் (ஒலியைத் தடிக்கச் செய்வது) போன்ற எஃபெக்டுகள் அனைத்தும் அதற்கே கிடைக்கின்றன. பாட்டில் அவற்றை எல்லா ட்ராக்குகளும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். எந்த ட்ராக்குக்கு எந்த எஃபெக்ட் என்பதை நீங்களே ஒதுக்க வேண்டும். முதன்மையான ஒன்றிரண்டு ஒலிகளுக்கு மட்டும் தனி எஃபெக்டைக் கொடுத்து, மற்றவற்றைப் பொது ரிவர்புக்கு அனுப்புங்கள்.

1 கட்டையில் அமைத்த பாட்டை ஐந்தரைக் கட்டையில் பாடும் பாடகிக்கு மாற்ற வேண்டும்.
– வாசகர், மேட்டூர்

1 கட்டை என்பது C, ஐந்தரை என்பது G#. ஆகவே நான்கு அரை ஸ்வரம் கீழே இறக்குங்கள், அல்லது எட்டு மேலே ஏற்றுங்கள். டிரம்ஸ் ட்ராக்கை மட்டும் இதிலிருந்து விலக்கிவிட வேண்டும், இல்லையேல் ஸ்நேர் இருந்த இடத்தில் வேறு ஏதோ ஒலிக்கும். கீழே இறக்கினால் பேஸ் மிகவும் தாழ்ந்துவிடும் இடங்களை ஒரு ஸ்தாயி மேலே தூக்கிவிடுங்கள்.

கிறிஸ்துமஸ் கீதங்களைச் சீக்வென்சரில் அமைத்து மிடி கோப்பாக எடுத்துக்கொண்டு போனேன். எங்கள் ஆலயத்தில் உள்ள வேறு கீபோர்டில் போட்டபோது பியானோ வேறு வாத்தியமாகவும் டிரம்ஸ் பியானோவாகவும் ஒலித்தன.
– பாடகர் குழுவில் கீபோர்டு வாசிப்பவர், ஏற்காடு

மிடி கோப்பில் ஒலி இல்லை, எண்கள்தான் இருக்கின்றன. உங்கள் கருவியின் ஒலிப்பட்டியலில் 25-ஆம் எண் ஒன்று, ஆலயக் கருவியில் 25 வேறொன்று. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே 1991-இல் ஜெனரல் மிடி என்ற பட்டியலை வகுத்தார்கள். அதில் 1 கிராண்ட் பியானோ, 41 வயலின், 49 ஸ்ட்ரிங்ஸ். டிரம்ஸுக்கு 10-ஆம் சேனல். டிரம்ஸுக்குள்ளும் 36 கிக், 38 ஸ்நேர், 42 மூடிய ஹை-ஹாட் என்று ஒவ்வொரு கீக்கும் இடம் குறிக்கப்பட்டிருக்கிறது.

மூலப் பாட்டைத் தொடாமல் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நகலில் எல்லா ட்ராக்கையும் உங்கள் கருவியின் ஜெனரல் மிடி தொகுதி ஒலிகளுக்கு மாற்றுங்கள். டிரம்ஸை 10-ஆம் சேனலுக்குக் கொண்டுபோங்கள். காலியாக விட்ட முதல் பாரில் ஒவ்வொரு சேனலுக்கும் ஒலி எண், வால்யூம், பேன் (ஒலி இடப்புறமா வலப்புறமா என்பது) ஆகியவற்றை எழுதுங்கள். நீங்களே உருவாக்கிய ஒலிகள் கோப்போடு வரமாட்டா என்பதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். சேமிக்கும்போது வகை 0, வகை 1 என்று கேட்கும். வகை 1-இல் ட்ராக்குகள் தனித்தனியே இருக்கும், திருத்துவதற்கு ஏற்றது. வகை 0-இல் எல்லாம் ஒரே ட்ராக்கில் சேர்ந்திருக்கும், பழைய கீபோர்டுகள் பலவும் இதைத் தயங்காமல் வாசிக்கும். ஆலயத்துக்கு வகை 0-ஐக் கொண்டுபோங்கள். பாடகர் குழுவின் ஒத்திகைக்கு முன்பே ஒருநாள் போய், அந்தக் கருவியில் போட்டுப் பார்த்து வால்யூமைச் சரிசெய்துகொள்ளுங்கள், ஏனென்றால் ஒலி எண் ஒன்றாக இருந்தாலும் அதன் அளவு கருவிக்குக் கருவி மாறுபடும்.